மாப்பிள்ளையின் பூட்டனை விசாரித்தது

என் மகள் ஒரு நோர்வேக்காரரைக் கட்டப் போவதாகச் சொன்னபோது என் கணவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அண்ணையிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். ஐம்பது வயது தாண்டியவர், ஒஸ்லோவில் இருபது வருடமாக உழைப்பவர். தமையனைக் கேட்காமல் ஒரு சோபா கூட வாங்கத் துணியாத மனிதர்.

அந்தத் தமையன், அதாவது என் அத்தான், ஒஸ்லோவுக்குப் பக்கத்து லோறென்ஸ்கூக்கில் சொந்த வீடு வாங்கிய நாளிலிருந்து எங்கள் எல்லோருக்கும் நீதிபதி. சம்பந்தம் என்றால் முதலில் இடம் விசாரிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஊரில் என்றால் மாப்பிள்ளை வீட்டு ஒழுங்கையில் நாலு பேரைக் கேட்டால் போதும். இங்கே யாரைக் கேட்பது? அத்தானுக்கு வழி தெரிந்திருந்தது. இந்த நாட்டில் நூறு வருடத்துக்கு முந்திய குடிசனக் கணக்கெடுப்பை எவரும் இணையத்தில் பார்க்கலாம். பூட்டனின் பெயரையும் ஊரையும் மாப்பிள்ளையே எழுதிக் கொடுத்தார். தன் குடும்பக் கதையில் எங்களுக்கு இவ்வளவு ஆசையா என்று அந்த அப்பாவிக்குப் பெரிய சந்தோசம். எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஹொல்ம்லியாவில் எங்கள் வீட்டுக்கு அத்தான் கடதாசிக் கட்டோடு வந்தார். நான் வைத்த தேத்தண்ணியைத் தொடாமலே வழக்கைத் தொடங்கினார். பூட்டனுக்குக் காணி இல்லையாம். இன்னொருவனின் பண்ணையில் குடிசை போட்டு, வாடகைக்குப் பதிலாக அவனுக்கு வேலை செய்தவராம். அதைவிடப் பெரிய குற்றம் ஒன்றும் கையில் வைத்திருந்தார். ஒரே வீட்டில் தகப்பனுக்கு ஒரு குடும்பப் பெயர், மகனுக்கு வேறொன்று.

"ஒழுங்கான குடும்பமெண்டால் தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரு பேரெல்லே இருக்கவேணும்?" என்றார். பிள்ளை யாருக்குப் பிறந்ததோ என்ற மாதிரி ஒரு இருமல் வேறு.

என் கணவர் தலையாட்டத் தொடங்கினார். அந்தத் தலையாட்டலில் என் மகளின் கலியாணம் போய்க்கொண்டிருந்தது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தகப்பனின் பெயரோடு 'சென்' சேர்த்து, இன்னாரின் மகன் என்று பிள்ளைக்குப் போட்டிருந்தார்கள். அவ்வளவுதான். எங்கள் வழக்கமேதான். அது அவர் கொண்டுவந்த தாளிலேயே இருந்தது. சட்டம் பேசுகிறவரின் கண்ணில் அது படவில்லை.

"அத்தான், உங்கட வீட்டுத் தபால்பெட்டியிலை என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

பதிலையும் நானே சொன்னேன். அத்தானின் குடும்பப் பெயர் அவருடைய தகப்பனின் பெயர். மகனின் குடும்பப் பெயர் அத்தானின் சொந்தப் பெயர். தபால்காரன் உங்களைப்பற்றி என்ன நினைக்கிறானோ என்றும் கேட்டு வைத்தேன்.

முகம் கறுத்துப்போன அத்தான் மறுபடி காணியைப் பிடித்துக்கொண்டார். பெயர் கிடக்கட்டும், ஆரோ ஒருவனின் வளவில் கிடந்த சனத்தோடு எங்களுக்கு என்ன சம்பந்தம் என்று தம்பியைப் பார்த்துக் கேட்டார்.

என் கணவரின் தலை ஆடுவது நின்றது.

"நாங்கள் மட்டும் காணி உறுதிப் பத்திரத்தோடையே இஞ்சை வந்தனாங்கள், அண்ணை?" என்றார். "நூறு வருசம் கழிச்சு ஆரும் எங்களைத் தேடினால், அகதி எண்டுதானே எழுதியிருக்கும்?"

அத்தான் கடதாசிகளை மடித்து எடுத்துக்கொண்டு எழும்பினார். கதவு சாத்தியதும் என் கணவர் என் பக்கம் திரும்பி, பிள்ளைக்கு ஓம் என்று சொல்லச் சொன்னார். தமையனைக் கேட்காமல் அந்த மனிதர் சொன்ன முதல் ஓம் அது.