பெட்டியைக் கீழே வைத்த பூனை

ஐம்பதுகளின் நடுப்பகுதியில், கல்முனைக்குத் தெற்கே கடலோரமாக இருந்த என் மனைவியின் வீட்டில் நடந்தது இது. அப்போது நான் கல்முனைக் கடைத்தெருவில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். கலியாணம் முடிந்து சில கிழமைகள்தான் ஆகியிருந்தன.

எங்கள் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுடையது. நானும் என் உடுப்பு வைத்த ஒரு தகர றங்குப் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அங்கே மூன்று பேர் இருந்தார்கள். என் மனைவி, அவளுடைய உம்மாவான என் மாமி, என் மனைவியின் ஐந்து வயது மகள். ஆம், மனைவிக்கு இது இரண்டாவது கலியாணம். முதல் கணவர் காய்ச்சலில் மௌத்தாகிவிட்டிருந்தார்.

மாமியும் மனைவியும் என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சிறுமிதான் என்னைப் பார்க்கவே இல்லை. அழவில்லை, அடம்பிடிக்கவில்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. நான் அங்கே இல்லாததுபோல நடந்துகொண்டாள். நான் ஓர் அறைக்குள் நுழைந்தால் அவள் அடுத்த அறைக்குப் போய்விடுவாள். விறாந்தையில் ஒரு சாய்மனைக் கதிரை கிடந்தது. அது அவளுடைய வாப்பாவின் கதிரை. அதில் தன் சிலேட்டையும் கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளையும் பரப்பி வைத்திருப்பாள். வேறு யாரும் உட்கார அதில் இடமிருக்காது. நான் பாயில் உட்கார்ந்துகொள்வேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. அது அவளுடைய வீடு. அவள் ஏற்றுக்கொள்ளாவிட்டால் நான் எத்தனை வருசம் இருந்தாலும் விருந்தாளிதான். மனைவி என் முகத்தையும் மகளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தே மெலிந்துகொண்டிருந்தாள். "கொஞ்சம் பொறுங்க, சின்னப் புள்ளதானே" என்பாள். சொல்லிவிட்டுப் பெருமூச்சும் விடுவாள். என் சேட்டும் சாரனும் இன்னும் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. அலுமாரியில் இடம் ஒதுக்கித் தந்திருந்தார்கள். எனக்குத்தான் எடுத்து வைக்க மனம் வரவில்லை.

நோன்பு மாதம் பிறந்தது. நோன்பு காலத்துப் பின்னேரங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெயில் முற்றத்து மணலில் அசையாமல் கிடக்கும். கடல் சத்தம் கூடியும் குறைந்தும் வரும். தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் ஒரு நிலை. கல்முனையிலிருந்து சைக்கிளில் வந்து விறாந்தைப் பாயில் சாய்ந்தால், சுவரிலே தென்னோலையின் நிழல் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே நான் எங்கோ போய்விடுவேன்.

அப்படியொரு பின்னேரம், கதிரையிலிருந்து நழுவி விழுந்து கிடந்த சிலேட்டை எடுத்து ஒரு பூனையை வரைந்தேன். அந்த வீட்டில் ஒரு சாம்பல் பூனை இருந்தது. அந்தச் சிறுமி அதிகம் கதைத்தது அதோடுதான். அதனால் பூனை. ஆனால் என் பூனை இரண்டு காலில் நின்றது. சேட்டும் சாரனும் உடுத்து, தொப்பி போட்டு, ஒரு கையில் குடையும் மறு கையில் றங்குப் பெட்டியுமாக எங்கோ புறப்பட்டுப் போனது. சிலேட்டைத் திரும்பவும் கதிரையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் சின்னக் காலடிச் சத்தம் கேட்டது. சிலேட்டு உம்மா நோன்புக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த குசினிக்குப் போனது. அங்கிருந்து அவள் குரல் வந்தது.

"உம்மா, இது பூன இல்ல. பூனத் தலைய மாட்டிட்டு வந்த ஆள்."

"ஏன் மகள், அப்பிடிச் சொல்றீங்க?"

"கையப் பாருங்க. ஆக்கள்ர கை."

பாயில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் பூனையைத்தான் சொன்னாள். எனக்கென்னவோ என்னைச் சொன்னதாகவே பட்டது.

சிலேட்டை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. பெயர்ப்பலகைக்காரனுக்கு எழுத்துத் தெரியும், கொடியும் பூவும் தெரியும், பிறையும் தெரியும். மனுசர், மிருகம் என்று உயிருள்ளது எதையும் நாங்கள் எழுதுவதில்லை. நான் வாழ்நாளில் வரைந்த ஒரே கை, கடை வாசலில் 'உள்ளே வாருங்கள்' என்பதற்குக் கீழே விரலை நீட்டிக்கொண்டு நிற்குமே, அந்தக் கைதான். அதையே பூனைக்கும் ஒட்டியிருந்தேன். குடையைப் பிடித்துக்கொண்டே பூனை யாருக்கோ கடைக்கு வழி காட்டியது.

மாமி வந்து எட்டிப் பார்த்தார். "சின்னப் புள்ளைக்குக் கீறினதுக்கு நான் ஒண்டும் சொல்லல்ல மருமகன். ஆனா உசிருள்ளதுர படம் ஊட்டுக்குள்ள தங்கப்படாது, வானத்து மலக்குமார் வரமாட்டாங்க. பொழுதுபட, மஹ்ரிபுத் தொழுகைக்கு முன்ன அழிச்சிருங்க."

ஈரத் துணியால் துடைத்தேன். பூனை போய்விட்டது.

மறுநாளும் வரைந்தேன். ஒவ்வொரு நாளும் மஹ்ரிபுக்கு முன் அழிக்க வேண்டியிருந்ததால் ஒவ்வொரு நாளும் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். அதுவே எனக்குப் பள்ளிக்கூடமானது. தலை, காது, மீசையெல்லாம் கைக்கு வந்துவிட்டன. சாரனின் மடிப்பைக்கூட அழகாகப் போட்டேன். கைதான் வரவில்லை. விரல்களைக் குறைத்து உருட்டிப் போட்டால், "பூன ரெண்டு கையிலயும் கொழுக்கட்ட வச்சிரிக்கி" என்று குசினியிலிருந்து தீர்ப்பு வரும். நகத்தை நீட்டிப் போட்டால், "இது நண்டு." என்னோடு கதைக்கமாட்டாளாம், என் படத்துக்குப் பிழை பிடிக்க மட்டும் வாய் நீளுமாம். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

சரி, நிசப் பூனையையே பார்த்துவிடுவோம் என்று ஒருநாள் சாம்பல் பூனையைப் பிடித்து மடியில் வைத்து அதன் முன்னங்காலைத் திருப்பினேன். அது என் மணிக்கட்டில் நான்கு கோடு கிழித்துவிட்டுக் கூரைக்குத் தாவியது. கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வெடித்து, உடனே கையால் பொத்தப்பட்டு அடங்கியது. நான் அந்த வீட்டுக்கு வந்தபின் அவள் சிரித்துக் கேட்டது அன்றுதான். கை எரிந்தது. ஆனாலும் இன்னொரு தரம் அந்தப் பூனையிடம் கிழிபடலாமா என்றுதான் மனம் நினைத்தது.

நோன்பு கடைசிக்கு வரவர அந்தப் பூனை என் அரைத் தூக்கத்திலும் வரத் தொடங்கியது. கடற்கரை முழுக்க ஆளே இல்லை. இழுத்துக் கட்டிய வலைகள் காய்கின்றன. பூனை குடையைப் பிடித்துக்கொண்டு ஈர மணலில் நடக்கிறது. மணலில் தடம் விழவில்லை. சேட்டுக் கைக்குள்ளிருந்து கை வெளியே வரவில்லை, ஆனாலும் பெட்டி கூடவே வருகிறது. ஒவ்வொரு வீட்டு வேலியாக நின்று பார்க்கிறது. யாரும் வா என்று சொல்லவில்லை. அலை வந்து அதன் சாரன் கரையை நனைத்துவிட்டுப் போகிறது. பூனை திரும்பி என்னைப் பார்க்கிறது. பள்ளிவாசல் பாங்கு கேட்டு எழும்பும்போது எனக்கே கை வலிக்கும், ஏதோ நானே பெட்டி தூக்கினதுபோல.

பெருநாள் பிறை தென்பட்ட அந்திவேளை. தெருவெல்லாம் பிள்ளைகளின் கூச்சல். மாமி அயல் வீட்டுக்குப் போயிருந்தார். மனைவி குசினியில் பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்தோடு மாரடித்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு அதற்கு முன்பே மருதோண்டி வைத்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் அந்த நாளில் இப்போதுபோல் கொடியும் பூவும் கீறுவதில்லை. அரைத்த மருதோண்டியை விரல் நுனிகளுக்குத் தொப்பிபோல அப்பி, உள்ளங்கை நடுவில் ஒரு வட்டம் வைத்து, பிள்ளைகள் கலைத்துவிடாமல் துணியால் கையையே பொதிந்து கட்டிவிடுவார்கள்.

அவள் விறாந்தையில் கட்டிய கைகளோடு உட்கார்ந்திருந்தாள். நான் எட்டத்தில் பாயில் இருந்தேன்.

"மூக்கு கடிக்கிது" என்றாள்.

பூனையிடம் சொல்கிறாளோ என்று சுற்றிப் பார்த்தேன். பூனை அங்கே இல்லை.

"மூக்கு கடிக்கிது" என்றாள் மறுபடியும். இந்தத் தடவை அழுகை எட்டிப் பார்த்தது. என் பக்கம் திரும்பவில்லை, ஆனால் முகத்தை மட்டும் கொஞ்சம் என் பக்கமாக நீட்டினாள்.

மெதுவாகப் போய் மூக்கைச் சொறிந்துவிட்டேன். "இஞ்சால" என்றாள். இஞ்சாலயும் சொறிந்தேன். பிறகு தண்ணீர் கேட்டாள். கோப்பையைக் கொண்டுவந்து பருக்கப் போனேன். "நான் குடிப்பன்" என்று தலையை ஆட்டிவிட்டு, துணி சுற்றிய இரண்டு கைகளாலும் கோப்பையை இரு பக்கமும் அமத்தி, மணிக்கட்டை மடித்து, முழங்கை இரண்டையும் விரித்துத் தூக்கிக் குடித்தாள்.

நான் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். விரலில்லாத கை எப்படிப் பிடிக்கும் என்று இத்தனை நாளும் விரலைச் சுற்றியே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். பிடிப்பது விரலே இல்லை. மணிக்கட்டு மடிகிறது, முழங்கை விரிகிறது, தோள் உதவிக்கு வருகிறது, தலைகூடக் குனிந்து கொடுக்கிறது. கோப்பையைப் பிடித்தது அந்தப் பிள்ளையின் முழு உடம்பும்தான்.

பெருநாள் காலையில் குளித்து, புதுச்சட்டை போட்டு, எண்ணெய் மினுங்கும் தலையோடு அவள் எல்லாருக்கும் கையைக் காட்டிக்கொண்டு ஓடினாள். சிவந்திருக்கிறதா என்று கேட்டு மாமியிடம் காட்டினாள், உம்மாவிடம் காட்டினாள். நான் பள்ளிவாசலிலிருந்து வந்து இன்னும் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. என் முன்னால் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு இரண்டு உள்ளங்கையையும் விரித்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

நடுவிலே ஒரு பெரிய சிவப்பு வட்டம். அதைச் சுற்றி விரல் நுனிகளில் சின்னச் சின்னச் சிவப்புகள்.

கிழிபட்ட அன்று ஒரு கணம் கண்ணில் பட்டு மறைந்த பூனையின் உள்ளங்கால் நினைவுக்கு வந்தது. பஞ்சு வைத்ததுபோல நடுவில் பெரியதொன்று, மேலே சின்னதாக நாலு. பெருவிரலை விட்டுவிட்டால் இதுவும் அதுவும் ஒன்றுதான். இடையில் இருக்கிற விரலின் நீளத்தை மட்டும் எடுத்துவிட்டால் போதும்.

"சிலேட்டக் கொண்டாங்க மகள்" என்றேன். மகள் என்று அவளை நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வாய் தவறி வந்துவிட்டது.

அவள் சாய்மனைக் கதிரையிலிருந்த சிலேட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். என் பக்கத்தில், முட்டாமல் ஆனால் பக்கத்தில், குந்திக்கொண்டாள். பூனை வந்தது. குடையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தது. பெட்டியின் பிடி அதன் மடிந்த மணிக்கட்டில் தொங்கியது. கையின் புறத்தில் மொத்தமாக நாலு மேடு மட்டும் போட்டேன். விரல் பிரிக்கவில்லை.

நெடுநேரம் பார்த்தாள். நான் குச்சியைக் கீழே வைத்துவிட்டுத் தீர்ப்புக்குக் காத்திருந்தேன். எந்தக் கடை முதலாளியின் முன்னும் நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

"ஓம். இப்ப பூன" என்றாள்.

குசினி வாசலில் மனைவி நின்றிருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். புகையாக இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

மகள் மட்டும் சிலேட்டை விடவில்லை. "ஒவ்வொரு நாளும் இது நிண்டுக்குத்தானே இரிக்கி. காலு நோகாதா?" என்று கேட்டாள். நான் பூனையின் காலைப் பார்த்தேன். அவளே சொன்னாள்: "பெட்டியக் கீழ வைக்கச் சொல்லுங்க. இண்டைக்குப் பெருநாள்தானே. இஞ்ச இரிக்கட்டும்."

துடைத்துவிட்டு மறுபடி வரைந்தேன். பெட்டி தரையில். குடை அதன்மேல் சாய்ந்தபடி. பூனை ஒரு சாய்மனைக் கதிரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. ஒரு கையை விரித்து எங்களுக்குக் காட்டியது, நடுவில் ஒரு வட்டமும் மேலே நாலு பொட்டும் தெரிய. அந்தக் கை எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கதிரையை வரையச் சொல்லி அவள் கேட்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அந்திக்கு மாமி வழக்கம்போல் நினைவுபடுத்தினார். மகளே துணியை நனைத்துக்கொண்டு வந்து துடைத்தாள். கடைசியாகக் கையைத் துடைத்தாள். சிலேட்டைக் கொண்டுபோய்த் தன் பள்ளிக்கூடப் பையில் வைத்தாள். கதிரைப் பக்கம் போகவில்லை. சிப்பிகளையும் எப்போது எடுத்தாளோ, கதிரை வெறுமையாகக் கிடந்தது.

நான் அன்று அதில் உட்காரவில்லை. உள்ளே போய் றங்குப் பெட்டியைத் திறந்து, என் சேட்டுகளையும் சாரன்களையும் ஒவ்வொன்றாக எடுத்து அலுமாரியில் அடுக்கினேன். வெறும் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

அந்தப் படங்களில் ஒன்றுகூட இன்று இல்லை. எல்லாம் அன்றன்றைக்கே அழிந்தவை. மகளுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் பெருநாள் காலையில் சிவந்த சின்னக் கைகள் என் முன்னால் விரியும்போதெல்லாம், கால் நோகாதா என்று என் பூனைக்காகக் கேட்டு என்னை அந்த வீட்டில் உட்காரவைத்த பிள்ளையின் முகம்தான் முதலில் வருகிறது. என் கண்ணும் நிறைந்துவிடுகிறது.