எனாமல் இளவரசி

இதைக் கதை என்று நினைப்பவர்கள் என் வலது கையில் ஊசியால் குத்திப் பார்க்கலாம். எனக்கு வலி தெரியாது. அன்றைக்கு மரத்துப்போனது, இன்னும் அப்படியே இருக்கிறது.

1958, ஆடி மாதம். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்துகொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் முதலாளி சோலைச்சாமி சின்னப் பட்டுப் பை ஒன்றை என் மேசைமேல் வைத்தார்.

உள்ளே, உள்ளங்கைக்குள் அடங்கும் செப்புத் தகடு. அதில் ஓர் இளவரசியின் முகம். பத்து வயதிருக்கும். கண்ணாடிப் பொடி கலந்த எனாமல் வண்ணத்தில் தீட்டிச் சூளையில் சுட்டது. நூறு வருஷம் ஆகியும் நிறம் மங்கவில்லை. கண்கள் என்னை நேராகப் பார்த்தன.

“அரமனையில கேட்டு வாங்கியாந்தேன், தனுஷ்கோடி. இளவரசி மார்க் மத்தாப்பு. தீவாளி சீசன் ஆர்டரு. இன்னைக்கே வரைஞ்சிருங்க.”

வரைந்து கொடுத்தேன்.

“ஏன் கண்ணை மூடிட்டீக?”

பார்த்தேன். என் படத்தில் அவள் கண்ணை மூடியிருந்தாள். கவனக்குறைவு என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் தடவை கண்களைத்தான் முதலில் வரைந்தேன். கருவிழி, அதில் ஒரு வெள்ளைப் புள்ளி. முகத்தையும் முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். திரும்பி வந்தால்…

இமைகள் மூடியிருந்தன. அழித்த தடம் இல்லை. எல்லாம் என் கைக்கோடுகள்.

பென்சில் சீவும்போது பிளேடு வலது கை விரலைக் கிழித்தது. ரத்தம் வந்தது. வலி வரவில்லை.

பயமும் வரவில்லை.

மூன்றாம் தடவை முதலாளி பக்கத்திலேயே உட்கார்ந்தார். கண்ணை வரைந்தேன்.

டிக்…

தகட்டிலிருந்துதான். சூடான கண்ணாடி ஆறும்போது வருகிற சத்தம்.

தாளைப் பார்த்தோம்.

கண்… மெல்ல மூடியது.

“வேண்டாம்,” என்றார் முதலாளி. “எடுத்து வைங்க.”

ஆர்டர் கைவிட்டுப் போனது.

மறு வாரம் தகட்டை வாங்கிப்போக அரண்மனை ஆள் நாகையா வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

“படம் எழுதும்போதே புள்ளைக்கு உசிரு இல்லீக. காய்ச்சல்ல போனவுகளைச் சாத்தி உக்கார வச்சு எழுதுனாகளாம். கண்ணைத் தொறந்தாப்புல எழுதச் சொன்னது, பெத்த தாயாரு.”