வகுப்பில் சொன்னபடி

விளாங்குடியில் சுடிதார் கடை வைத்திருந்தேன். தினமும் சிரித்த முகத்தோடு வீடியோ போடுங்கள், யார் என்ன எழுதினாலும் பதில் சொல்லுங்கள் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். ஒருநாளும் தவறாமல் செய்தேன். சொந்தக்காரர்கள் எல்லாவற்றுக்கும் இதயம் போட்டார்கள். துணி எடுக்க மட்டும் டவுனுக்குப் போனார்கள்.

"ஒன் வீடியோ ஒண்ணு விடுறதில்ல மாப்ள" என்றார் மாமா, வேறு கடைப் பையோடு என் கடை வாசலில் நின்றுகொண்டு.

கடைசியில் முடியவில்லை. கடையை மூடுகிறேன் என்று எழுதி, ஷட்டர் முன்னால் நின்று படம் போட்டேன். பழக்கதோஷம், சிரித்துத் தொலைத்திருந்தேன். அதுவரை நான் போட்ட எதற்கும் அத்தனை பேர் பதில் எழுத வந்ததில்லை. "வாழ்த்துகள் மாப்ள." "மேன்மேலும் வளர்க." நான் எழுதியிருந்ததை ஒருத்தரும் படிக்கவில்லை.

போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. அடிக்கவில்லை. உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் நன்றி என்று பதில் எழுதினேன்.