உழவு இயந்திரம் திரும்பி வந்தது, பிள்ளை வரவில்லை

சட்டத்தரணி யோகராணி மிஸ் இறந்துவிட்டார். நேற்று மத்தியானம்... நோய் முற்றி.

உரம் இல்லை, குளத்தில் தண்ணீர் இல்லை என்று சண்டை பிடிக்கத்தான் நான் பேஸ்புக் வருவேன். இன்று ஓமந்தையில் அவருடைய செத்தவீட்டுக்குப் போய்விட்டு வந்து இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் பதினாறு வயதுக்குள் ஒரு பிள்ளை பொலிஸில் பிடிபட்டு, தாய் தகப்பனிடம் லோயர் பிடிக்க வசதி இல்லை என்றால், கோட்டில் எழுந்து நின்றவர் அவர்தான்.

சில வருடங்களுக்கு முன் பெர்மிட் இல்லாமல் ஆற்றில் மணல் ஏற்றும்போது பதினைந்து வயதுப் பிள்ளை ஒருவன் பிடிபட்டான். சாரதி பாய்ந்து ஓடிவிட்டான். மண்வெட்டியோடு நின்றவன் இவன்.

பெயர் எழுதமாட்டேன். சிறுவர் வழக்கில் பெயர் வெளியே வரக்கூடாது, மிஸ் சொல்லித் தெரியும்.

உழவு இயந்திரம் என்னுடையது. அவனை ஏற்றி அனுப்பியவனும் நான்தான். இதை இன்றுவரை எங்கும் சொன்னதில்லை.

பெர்மிட் கேட்டு நான் ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. எங்கள் ஆற்று மணல் பெரிய லொறிகளில் தெற்கே போகலாம், நாங்கள் ஒரு லோட் எடுத்தால் கள்ளர். அந்தக் கோபம் இன்றும் அப்படியே இருக்கிறது. ஆனால் பிள்ளைக்கு நான் செய்தது வேறு.

எங்களிடம் ஒரு வழக்கம். பிடிபட்டவன் குற்றத்தை ஒத்துக்கொள்வான், தண்டத்தை முதலாளி கட்டுவார். "எனக்குத் தெரியாமல் எடுத்துவிட்டார்கள்" என்று முதலாளி சத்தியம் செய்தால் உழவு இயந்திரம் திரும்பக் கிடைக்கும், இல்லாவிட்டால் அரசாங்கத்துக்குப் போய்விடும்.

வளர்ந்த ஆட்களுக்கு அப்படித்தான் செய்து வந்தோம். பிள்ளைக்கும் அது போதும் என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் போகாமலே சட்டப் புத்தகம் வாங்கி வாசித்தவன் அல்லவா நான்...

கோட்டு விறாந்தையில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "மாமாவுக்குத் தெரியாது, நாங்கள்தான் எடுத்தனாங்கள் எண்டு சொல்லு. கொம்மாவை நான் பாப்பன்."

மிஸ் வந்து நின்றார். "ஐயா, நீங்கள் இவருக்கு என்ன முறை?"

"மாமா."

"தாயின்ர சகோதரமோ?"

"இல்லை, ஊர் மாமா."

"அப்ப ஊரோட கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. நான் என்ர கட்சிக்காரரோட கதைக்கோணும்."

"மீசை முளைக்காத கட்சிக்காரர்" என்று பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி சொன்னேன். சிரித்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மர வாங்கில் அவனுக்குப் பக்கத்தில் இருந்து, "காலமை என்ன சாப்பிட்டனீர்?" என்று கேட்டார்.

அவன் சாப்பிட்டானா என்று நான் கேட்டிருக்கவில்லை.

"உங்கட பீஸை நான் தாறன்" என்றும் சொல்லிப் பார்த்தேன். "வேண்டாம் ஐயா, பிறகு ஆருக்காக நிக்கிறன் எண்டு எனக்கே குழம்பிடும்" என்றார்.

சிறுவர் வழக்கு, கதவை மூடித்தான் விசாரித்தார்கள். மிஸ் எவ்வளவு சொல்லியும் கேளாமல், நான் சொல்லிக் கொடுத்ததையே பிள்ளை ஒரு சொல் பிசகாமல் சொன்னானாம். என்னை நம்பினான்.

அவனைச் சிறுவர் இல்லத்தில் வைத்தார்கள்.

அடுத்த கிழமை மிஸ் ஸ்கூட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். தலை முழுக்கப் புழுதி.

"ஐயா, மணல் ஏத்தினது ஒரு வழக்கு. இப்ப உழவு மிசினைக் களவெடுத்தவர் எண்டும் சேருது. நான்தான் அனுப்பினனான் எண்டு நீங்கள் வந்து சொன்னால், அவரை வீட்டுக்கு எடுக்க நான் அடுத்த தவணைக்கே கேப்பன்."

"என்ர மிசின்?"

"அது போகலாம். பொய் சொல்லமாட்டன்."

"சட்டம் எனக்கும் தெரியும்."

"தெரிஞ்ச ஆள் எண்டபடியாத்தான் வந்தனான். பிள்ளைக்குச் சோதினை வருது ஐயா."

மனைவி தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போனார். "ஊத்த வேண்டாம், அவா வெளிக்கிடுறா" என்றேன். மிஸ் எழும்பினார். "அக்கா, போட்டு வாறன்" என்று குசினிப் பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் கோட்டில் போய்ச் சத்தியம் செய்தேன், எனக்குத் தெரியாது என்று. உழவு இயந்திரம் வீட்டுக்கு வந்தது. அதைக் கொண்டு அந்தப் போகம் உழுதேன்.

மிஸ் போராடி அவனைத் தாயிடம் சேர்த்தபோது சாதாரண தரப் பரீட்சை முடிந்துவிட்டது. ஊரில் அவனுக்குப் பேர் "மிசின் கள்ளன்". என் காதுபடச் சொன்னார்கள். நான் வாய் திறக்கவில்லை. தாயும் பிள்ளையும் ஊரை விட்டே போனார்கள்.

போன வருடம் கிளிநொச்சி பஸ் நிலையத்தில் மிஸ்ஸைக் கண்டேன். மெலிந்து, தலையில் துணி கட்டியிருந்தார்.

"மிசின் ஓடுதோ ஐயா?" என்றார். குத்தல் இல்லை, சும்மா கேட்டார்.

"ஓம்."

"அந்தத் தம்பி அடுத்த வருசமே சோதினை எழுதிப் பாஸ் பண்ணிட்டார். நீங்கள் கேக்கமாட்டியள், அதால நானே சொல்லுறன்."

கோட்டுக்கு வந்து உண்மையைச் சொல்கிறேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். முன்னால் நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன்... அது நான் போகவேண்டிய பஸ் கூட இல்லை.

இன்று செத்தவீட்டுப் பந்தலுக்குள் ஒருவன் கதிரை போட்டுக்கொண்டு நின்றான். நெடுத்துவிட்டான், முதலில் எனக்கு அடையாளம் பிடிபடவில்லை. அவனுக்கு என்னைத் தெரிந்தது.

"இருங்கோ மாமா."

இருக்க முடியவில்லை. "தம்பி, நான்தான் உன்னை அனுப்பினனான் எண்டு கோட்டில போய்ச் சொல்லப்போறன்" என்றேன்.

கையிலிருந்த கதிரையை எனக்கு முன்னால் வைத்தான்.

"மிஸ் இருக்கேக்க சொல்லியிருக்கலாம் மாமா" என்றான். வேறு ஆட்கள் வந்தார்கள், அவர்களுக்குக் கதிரை எடுக்கப் போய்விட்டான்.

நாளை காலை பத்து மணிக்குத் தகனம்.

போய் வாருங்கள், மிஸ்.