ஆரோக்கியக்காவின் சிரிப்பு

டாக்டர் என்னைச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார். "மாத்திரை பாட்டுக்கு மாத்திரை. காலைல கொஞ்ச நேரம் நடங்க, நல்லா சிரிங்க, பிரஷர் தானா எறங்கும்" என்று சொல்லி, விழுப்புரத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற பூங்காவில் நடக்கும் சிரிப்பு வகுப்புக்குப் போகச் சொன்னார். போனேன். இருபது பேர் வட்டமாக நிற்க வேண்டும். ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் ஒருவர் விசில் ஊதியதும் கையைத் தூக்கிக்கொண்டு ஹா ஹா என்று சிரிக்க வேண்டும். நிறுத்துவதற்கு இன்னொரு விசில். நான் சிரித்ததைப் பார்த்துவிட்டு பக்கத்தில் நின்ற அம்மா, "தண்ணி வேணுமாம்மா?" என்று கேட்டார்கள். எனக்குப் புரையேறிவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள், பாவம்.

அங்கே வேப்பமரத்தில் ஒரு போர்டு கட்டியிருந்தார்கள். 'தினமும் சிரியுங்கள், ஆரோக்கியம் தேடி வரும்.' அதைப் படித்த பிறகு அந்தப் புரையேறின சிரிப்பும் நின்றுபோனது. போர்டு எழுதினவருக்கு ஆரோக்கியம் என்றால் உடம்பு நன்றாக இருப்பது. எனக்கு ஆரோக்கியம் என்றால் ஒரு ஆள். ஆரோக்கியமேரி. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள், ஆரோக்கியக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவளைப் போலச் சிரித்தவர்களை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பை நிறுத்தினவளும் நான்தான்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் விழுப்புரத்தில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். ஊர் மயிலத்துக்குப் பக்கத்தில். கேப்பையும் மல்லாட்டையும் போடுகிற குடும்பம். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எங்கள் பக்கத்தில் அதற்கு வேறு பெயர் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் கெட்டது இதனால்தான்.

காலைப் பாசஞ்சரைப் பிடிக்க அண்ணன் சைக்கிளில் கொண்டுவந்து மயிலம் ஸ்டேஷனில் விடுவான். வண்டி ஒரு நிமிஷம்தான் நிற்கும். பெண்கள் பெட்டி ஒரு நாள் இன்ஜினுக்கு அடுத்து இருக்கும், ஒரு நாள் கடைசியில் இருக்கும். தெரியாதவர்கள் பிளாட்பாரத்தில் இப்படியும் அப்படியும் ஓடுவார்கள். எனக்கு அந்தக் கவலை கிடையாது. அக்கா திண்டிவனத்திலேயே ஏறியிருப்பாள். வண்டி உள்ளே வரும்போதே அவள் சிரிப்பு ஜன்னல் வழியாகக் கேட்கும். சத்தம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஓடி ஏறிக்கொள்வேன்.

எதற்கென்றில்லை, எல்லாவற்றுக்கும் சிரிப்பாள். முண்டியம்பாக்கம் வந்தால் சர்க்கரை ஆலை வாடை பெட்டிக்குள் குப்பென்று அடிக்கும். இன்றைக்கும் பஸ்ஸில் அந்தப் பக்கம் போனால் மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள், எனக்குக் கண் கலங்கும். அக்கா முந்தானையால் மூக்கைப் பிடித்துக்கொண்டே, "இந்த நாத்தத்துலேர்ந்துதான் நம்ம காப்பிக்குச் சக்கர வருதுன்னா சிரிப்பு வராதாடி?" என்பாள். அதற்கு ஒரு சிரிப்பு. விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகளுக்குச் சீட்டு எழுதுகிற வேலை அவளுக்கு. அவள் சிரித்துக்கொண்டே பெயர் கேட்டு எழுதுவதிலேயே பாதி ஜுரம் இறங்கிவிடுகிறது என்று அங்கே வருகிறவர்கள் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

ஆனால் அவள் வீட்டில் சிரிக்க முடியாது. அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒரு விபத்தில் தலையில் அடிபட்டு, அதிலிருந்து சின்னச் சத்தம் கேட்டாலும் தலையைப் பிடித்துக்கொண்டு துடித்துப்போவார். "தட்டக்கூட துணி விரிச்சு வெக்கறன்டி. கொழந்தையே அழறதுக்குப் பயப்படுது" என்று ஒரு நாள் சொன்னாள். "இந்த ரயில்ல ஒரு மணி நேரம் சிரிச்சுக்கினு வர்றேன் பாரு, அதுலதான் மிச்ச நேரத்த ஓட்டறேன். இல்லன்னா பைத்தியம் புடிச்சிடும்." அப்போதும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் நான் அப்படிச் செய்தேன்.

ஒரு நாள் எங்களுக்கு எதிரே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு தஞ்சாவூர்ப் பக்கம். பேரணியில் கூடைக்காரி ஏறினாள். கூடை மேல் ஈரத்துணி மூடியிருந்தது. அவித்த வாசனைக்கு அந்த அம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது.

"ஏம்மா, கடலை வச்சிருக்கியா?"

"கடலல்லாம் இல்லமா. மல்லாட்டதான் கீது."

"மல்லாட்டையா? அதெல்லாம் நாங்க சாப்பிடறதில்ல. கடலை இருந்தா குடு."

"அதான் இல்லன்றன்ல. வேணும்னா மல்லாட்ட வாங்கிக்க."

"வேண்டாம்மா, நீ போ."

கூடைக்காரி கோபமாக நகர்ந்து, பக்கத்து சீட்டுக்குத் துணியைத் திறந்து ஒரு படி அளந்து போட்டாள். அந்த அம்மா எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் முகம் போன போக்கில் அக்கா வெடித்துச் சிரித்தாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பெட்டியே சிரித்தது. கூடைக்காரி மட்டும், "இன்னா, எல்லாரும் சிரிச்சுக்கினு கீறீங்க?" என்று கேட்டு எங்களை இன்னும் கெடுத்தாள்.

அந்த வாரம் தரகர் வீட்டுக்கு வந்தார். எனக்குப் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளை ரயில்வேயில் வேலை பார்ப்பவர். பெண்ணை முறைப்படி பார்க்க வருவதற்கு முன்னால், போட்டோவை வைத்துக்கொண்டு அவருடைய அத்தை ரயிலில் வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "பத்து பேருக்கு முன்னாடி வாயப் பொளந்துக்கினு சிரிக்கற பொண்ணு வாணாம்னு சொல்லிட்டாங்க" என்றார் தரகர். எதிரே உட்கார்ந்திருந்த பட்டுப்புடவை அம்மாதான் அந்த அத்தை. அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அண்ணன் என்னிடம் பேசாமல் சைக்கிள் மிதித்தான்.

தரகர் வந்துபோன மறுநாள் பெட்டியில் ஏறியதும் அக்கா வழக்கம்போல நகர்ந்து இடம் விட்டாள். நான் உட்காரவில்லை.

"உன்னாலதான் என் கல்யாணம் நின்னுபோச்சு. உனக்கு வூட்ல சிரிக்க வழியில்லன்னா இங்க வந்து என் வாழ்க்கையக் கெடுப்பியா? இனிமே எம் பக்கத்துல உக்காந்து அப்டி சிரிக்காத."

அவள் கெஞ்சவும் இல்லை, சண்டைக்கு வரவும் இல்லை. "சரிடி" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த நாள் மயிலத்தில் வண்டி வந்து நின்றபோது எந்தச் சத்தமும் இல்லை. முன்னால் ஓடினேன், அங்கே இல்லை. திரும்பிப் பின்னால் ஓடுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. ஆண்கள் பெட்டியில் தொற்றிக்கொண்டு, வாசலில் நின்றபடி விழுப்புரம் வரைக்கும் போனேன். என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

மன்னிப்புக் கேட்டேன். "நான் ஏதோ கோவத்துல சொன்னன்கா, நீ சிரிக்கா" என்று தினமும் நச்சரித்தேன். அவளும் முயற்சி பண்ணினாள். ஆனால் சிரிப்பு வரும்போதே கை வாயை மூடிக்கொள்ளும், கண் தானாக எதிர் சீட்டைப் பார்க்கும். "வரமாட்டுதுடி" என்றாள் ஒரு நாள். ஏதோ குழாயில் தண்ணீர் வரவில்லை என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அடுத்த வருஷம் எனக்கு வேலூரில் வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. வந்திருந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து உதட்டை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு சில வருஷம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வந்தது, பதில் போட்டேன், அதுவும் நின்றுபோனது. என் வீட்டுக்காரர் போன பிறகு நான் விழுப்புரத்துக்கே வந்துவிட்டேன். முக்கால் மணி நேரம் பஸ்ஸில் போனால் திண்டிவனம். எந்த முகத்தோடு போவது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

போர்டைப் பார்த்த வாரம் போனேன். கோயில் தெருவில் கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். அவள் மகள் ஸ்டெல்லா கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில் அக்கா போட்டோவுக்கு மாலை போட்டிருந்தது. ஆறு மாசம் ஆகிறதாம்.

"பிரஷர்தான் ஆன்ட்டி. மாத்திரை எல்லாம் கரெக்டாதான் போட்டுக்கினு இருந்தாங்க."

சிரிக்காததால்தான் போய்விட்டாள் என்று எந்த டாக்டரும் சொல்லமாட்டார். நான் சொல்லிக்கொள்கிறேன்.

காப்பி கொடுத்தாள். நான் யார் என்று சொன்னேன். ரயிலைப் பற்றிச் சொன்னேன், மல்லாட்டையைப் பற்றிச் சொன்னேன், கடைசியில் நான் பேசின பேச்சையும் மறைக்காமல் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் மனசு வேறு எதிலோ நின்றுவிட்டது.

"அம்மா சத்தமா சிரிப்பாங்களா?"

"ரெண்டு பெட்டிக்குக் கேக்கும்மா."

"நான் ஒருவாட்டிகூட கேட்டதில்ல ஆன்ட்டி. அப்பா இருந்தவரைக்கும் வூட்ல யாரும் சத்தமே போட மாட்டோம். அப்பா போனதுக்கப்புறமாவது டிவில காமெடி போட்டுவிடுவேன். வாய மூடிக்கினுதான் பாப்பாங்க. அம்மா சுபாவமே அப்டின்னு நெனச்சிக்கினு இருந்தேன்." போனை எடுத்து என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். "எப்டி சிரிப்பாங்க? செஞ்சு காட்டுங்க ஆன்ட்டி. ரெக்கார்டு பண்ணிக்கறேன், எம் பொண்ணுக்குப் போட்டுக் காட்டலாம்."

அந்தச் சிரிப்பு எனக்கு அப்படியே காதில் இருக்கிறது. எங்கே ஆரம்பிக்கும், எங்கே மூச்சு முட்டும், எந்த இடத்தில் உச்சத்துக்குப் போகும் என்று எல்லாம் தெரியும். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் திறந்தேன். அந்தப் பெண் போனை நீட்டிக்கொண்டு, அவள் அம்மாவின் கண்களோடு, பொறுமையாகக் காத்திருந்தாள். போனில் பதிவானது மின்விசிறிச் சத்தமும் நான் அழுததும்தான்.