பிடாரி கோயில் நிறுத்தத்தில் ஒரு மாதா

தை மாதத்து ஞாயிறு. விடிந்ததும் ஒரத்தநாட்டில் பஸ் ஏறினோம்: நான், மனைவி ஸ்டெல்லா, ஆறு மாத மகள். அடுத்த வாரம் நான் மறுபடி சிங்கப்பூர் போகவேண்டும். அதற்குள் மகளுக்கு முதல் சோறு ஊட்டவேண்டும். அதுவும் தன் ஊர் மாதா கோயிலில், தன் அண்ணன் கையால் என்பது ஸ்டெல்லாவின் ஆசை. அண்ணன் சவரிமுத்துவோ, நாங்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்ட நாளிலிருந்து பேசுவதில்லை. எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவள் விஷயத்தைச் சொன்னபோது, "உம்" என்று வைத்துவிட்டாராம். வருகிறேன் என்று அர்த்தமா, கேட்டுக்கொண்டேன் என்று அர்த்தமா? வழியெல்லாம் அவளுக்கு அதே கவலை.

தஞ்சாவூரில் பஸ் மாறினோம். தாராசுரம் தாண்டிக் கும்பகோணம், நாற்பது கிலோமீட்டர். பிறகு குடவாசல். அறுத்த சம்பா வயல்களில் உளுந்து பச்சைபிடித்திருந்தது. மினிபஸ்ஸில், "மாதா கோயில் ரெண்டு" என்றேன்.

"எந்த மாதா கோயிலுங்க?" என்றார் கண்டக்டர். "பிடாரி கோயில்னு கேளுங்க. இல்லாட்டி வேற எங்கயாச்சும் எறங்கி நிப்பீங்க."

ஸ்டெல்லா அன்று முதன்முதலாகச் சிரித்தாள்.

பிடாரி இப்போது அங்கே இல்லை. ஊர் எல்லையில் அவள் இருந்த மேட்டில்தான் இந்தப் பழைய மாதா கோயில் நிற்கிறது. கட்டிய வருடம் வாசலுக்கு மேல் செதுக்கியிருந்தும், சுண்ணாம்பு அடித்து அடித்து மூடிப்போய்விட்டது. படிக்கல் ஒன்றில் தாமரை, தலைகீழாக. சோழர் காலத்துக் கல் என்கிறார்கள். ஊரார் அதை மிதிக்காமல் தாண்டித்தான் உள்ளே போகிறார்கள். மாதாவுக்கு எல்லை மாதா என்றே பெயர். கொடிமரத்தடியில் பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டுவதும் பிடாரி காலத்து வழக்கம்தான்.

பூசை முடிந்து கூட்டம் கலைந்தது. அண்ணனைக் காணோம். குழந்தை பசியில் அழுதாள். ரோட்டையே பார்த்திருந்த ஸ்டெல்லா, கடைசியில், "நீங்களே ஊட்டிடுங்க" என்றாள். என் அம்மா கட்டிக்கொடுத்த சோற்று டப்பாவைத் திறந்தேன்.

பின்னால் மொபெட் ஒன்று வந்து நின்றது. சவரிமுத்து. கையில் தூக்குவாளி. என்னைப் பார்க்காமல் என் மகளிடம் பேசினார்.

"பாப்பா, அது எந்த ஊர் அரிசின்னு ஒங்கப்பாவக் கேளு."

"ஒரத்தநாடு" என்றேன்.

"எல்லைக்குள்ள வெளஞ்சதத்தான் மொதச் சோறா ஊட்டணும். ஒங்கம்மா சொல்லலியா?"

"மறந்தே போச்சுண்ணே" என்று ஸ்டெல்லா அழுதுவிட்டாள்.

"தெரியும். அதான் புது நெல்ல அரைச்சு வடிச்சேன். வேகறதுக்குள்ள பூசையே முடிஞ்சுபோச்சு."

குழந்தை நெற்றியில் சிலுவை வரைந்து, குழைந்த சோற்றை ஒரு பருக்கை ஊட்டினார். அவள் அதை அவர் சட்டையிலேயே துப்பினாள்.

"பாத்தியா, ஒங்கப்பன் ஊர்க் கொழுப்பு!"

"பாப்பா, துப்பறது அம்மா வீட்டுப் பழக்கம்னு மாமாகிட்ட சொல்லு" என்றேன்.

அவர் தோள் குலுங்கச் சிரித்தார்.

எங்கள் ஊர் எல்லையிலும் ஒரு பிடாரி உண்டு. பெயர் மாறாமல் அப்படியே இருக்கிறாள். ஆனால் அவள் காலடியில் பிள்ளைக்குச் சோறூட்டி நான் பார்த்ததில்லை. மினிபஸ் ஏறும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

"பாப்பா, அடுத்த அறுப்புக்கு வரணும்னு ஒங்கப்பாகிட்ட சொல்லு" என்றார் சவரிமுத்து.

"அவளுக்குப் பேச்சு வர இன்னும் ஒரு வருசம் ஆவும்ணே. நீயே சொல்லேன்" என்றாள் ஸ்டெல்லா.

பஸ் நகர்ந்தது. படியில் நின்ற என்னை அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க மாப்ள."