சாமித்தட்டின் திரைக்கம்பி

தொண்ணூறுகளிலை இத்தாலியிலை, பலேர்மோவிலை, லிபெர்த்தா வீதிப் பக்கம் ஒரு வீட்டிலை வேலை செய்தன். செத்துப்போன புருசன்ரை அலுமாரியைத் துப்புரவாக்கி, பழஞ்சாமானை எறியச் சொன்னா வீட்டுக்கார சிஞ்ஞோரா. அதுக்குள்ளை கிடந்த இரும்புக் குழாயை எறிய மனமில்லாமல், என்ரை அறையிலை சாமித்தட்டுக்குத் திரைக்கம்பியாய்ப் போட்டன்.

அடுத்த கிழமை அந்த மனுசன்ரை வேட்டைத் துவக்கை அவ பொலிசிலை ஒப்படைக்கப் போனா. கழற்றி மாத்திற இரண்டு குழல் பதிவிலை இருக்கு, ஒண்டைக் காணேல்லை எண்டு சொல்லிப்போட்டாங்களாம். எனக்கு உடனை விளங்கிட்டுது. "என்னட்டை இருக்கு" எண்டன்.

"உன்ரை பெர்மெசோவை, அந்த விசாக் காட்டைப் பறிச்சு ஊருக்கு அனுப்பப்போறாங்களடி!" எண்டு தலையிலை அடிச்சா என்னோடை அறையிலை இருந்த ஊர்க்கார அக்கா.

வந்த பொலிஸ்காரர் வாசலிலை எங்கடை செருப்பைப் பாத்திட்டுத் தன்ரை சப்பாத்தையும் கழற்றினார். திரையை உருவி, மடிச்சு, என்ரை கையிலை தந்தார். குழலிலை பொறிச்சிருந்த இலக்கத்தைக் காட்டி, தனித் துண்டெண்டாலும் சட்டத்துக்கு இதுவும் ஆயுதம்தான் எண்டார். தெரியாமல் எடுத்தது எண்டே எழுதிக்கொண்டார்.

ஊரிலை அண்ணாவைக் காணேல்லை எண்டு ஆமி முகாம் முகாமாய் அலைஞ்சம். ஒருத்தரும் அவன்ரை பேரைக்கூட எழுதேல்லை. இஞ்சை ஒரு இரும்புத் துண்டைத் தேடி வீட்டுக்கே வந்தாங்கள்.